பல்லாவரத்திலிருந்து சாந்த்ராகாச்சி எவ்வளவு தூரம்?

கல்கத்தா எவ்வளவு தூரம் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி என் அக்கா இந்திரா என்னை அனுப்பினாள். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, வியாபாரத்துக்கும் அல்ல. தூரம் பார்க்க மட்டும்.

அவள் மகள் பவித்ராவுக்குத் திருச்சியில் கல்லூரியில் படித்தபோது கணேசன் என்ற பையனோடு பழக்கம். நல்ல பையன். மத்திய அரசு வேலை, அலிப்பூரில் அலுவலகம். தமிழ்க் குடும்பம்தான், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காகப் போய், சாந்த்ராகாச்சியிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர்கள். ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது. ஊர்தான் பொருந்தவில்லை.

பையனின் அப்பா ஆறுமுகம் தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பிளைட்ல ரெண்டேகால் மணி நேரந்தான். உங்க வீட்டு வாசல்லேருந்து எங்க வீட்டு வாசலுக்கு அஞ்சே மணி நேரம். மெட்ராஸ்லேருந்து தின்னவேலிக்கு பஸ்ல போற நேரத்துல பாதி."

"ஆகாயத்துல எல்லாமே பக்கந்தான். தரையில எவ்ளோ தூரம்னு கேளு" என்றாள் அக்கா என்னிடம்.

கேட்டேன். ரயில்வேக்காரர் அல்லவா, பொய் சொல்ல வரவில்லை. "தண்டவாளத்துல ஆயிரத்து அறுநூத்துச் சொச்சம் கிலோமீட்டர்" என்றார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அத்தான் மாரடைப்பில் போனபோது அவள் செங்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். ரயிலில் இடம் கிடைக்காமல், பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் இரண்டு வகை ஊர்கள்தான். அவசரத்துக்கு வர முடிகிற ஊர், வர முடியாத ஊர்.

பல்லாவரத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "கிட்டம் தூரம் பாக்குறதுதானே உன் தொழில், போய்ப் பாத்துட்டு வா" என்றாள். என் மனைவி எங்கள் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்ததால், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு வங்காளித் தம்பதி. சென்னையில் வைத்தியம் முடித்துத் திரும்புகிறார்கள். கணவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே வைக்கச் சொன்ன பணிப்பெண்ணிடம் தலையை மட்டும் ஆட்டினார், வைக்கவில்லை. எனக்கு முறுக்கு கொடுத்தார். தோசை மிகவும் நன்றாக இருந்தது, ஆனால் மூன்று வாரமும் அதுவே இருந்தது என்று இந்தியில் வருத்தப்பட்டார். எதற்காகக் கல்கத்தா போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் அதை மனைவிக்கு மொழிபெயர்த்தார். பிறகு இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். விமானம் இறங்கும்வரை வங்காளியில் விவாதம். கடைசியில் கணவர் என் பக்கம் திரும்பி, "தூரம்தான் என்கிறாள் இவள். பக்கம்தான் என்கிறேன் நான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறோமே" என்றார். பெட்டி எடுக்கும் இடத்திலும் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

கைபேசியை உயிர்ப்பித்ததும் அக்கா. "என்னடா, ஏறிட்டியா?"

"இறங்கிட்டேன்க்கா."

"அதுக்குள்ளயா?" என்றாள். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

வெளியே ஆறுமுகம் நின்றிருந்தார். குள்ளமான மனிதர். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி ஒரு குரங்குக் குல்லா, அதற்குக் கீழே இரண்டு ஸ்வெட்டர். பல்லாவரத்து மார்கழியைவிடச் சற்றுக் கூடுதலான குளிர், அவ்வளவுதான். ஆனால் என்னைப் பார்த்தவுடன் பையிலிருந்து இன்னொரு குல்லாவை எடுத்து, கேட்காமலேயே என் தலையில் மாட்டிவிட்டார். "வாங்க சம்பந்தி" என்றார். நான் இன்னும் சம்பந்தி ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குல்லா வாயை மூடியிருந்தது.

கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் பல்ட்டு. எல்லோரும் அவரைப் பல்ட்டு-தா என்கிறார்கள். தா என்றால் அண்ணன். கார் அவருடையது. ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கை ஹாரனில் இருந்தது.

சாந்த்ராகாச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுரா மாவட்டம். பாலம் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதன் பிறகு கோனா சாலை, லாரிகள். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் லாரி. மேம்பால வேலைக்காகச் சாலையைப் பாதியாக்கியிருந்தார்கள். கார் நின்றது. பல்ட்டு-தா எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்தார். அதிலிருந்தே எனக்குப் புரிந்துபோயிற்று.

"ஜாமா?" என்றேன்.

"ச்சே, சிக்னல்" என்றார் ஆறுமுகம். "இப்பம் விட்டுருவான். அந்தா, தண்ணி டேங்க் ஒண்ணு தெரியுதுல்லா? அதுக்குப் பின்னாலதான் வீடு."

அந்தத் தண்ணீர்த் தொட்டியை நான் நன்றாகப் பார்த்தேன். அதன் மேலிருந்த காக்கைகளைப் பார்த்தேன். அவை பறந்துபோய் வேறு காக்கைகள் வந்ததையும் பார்த்தேன். அக்கா மறுபடி கூப்பிட்டாள். "எங்கடா இருக்க?"

வந்துவிட்டோம் என்று சொல்லும்படி ஆறுமுகம் கையால் ஜாடை காட்டினார். "வீடு தெரியுதுக்கா" என்றேன். அதில் பெரிய பொய் ஒன்றுமில்லை.

கடைசியில் காரைப் பல்ட்டு-தாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இறங்கி நடந்தோம். லாரிகளுக்கு நடுவே புகுந்து, ரயில் பாதைக்கு மேலே நடைபாலம் ஏறி இறங்கி வீட்டுக்குப் போனோம். நான் குளித்து, ஆறுமுகத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகுதான் கார் என் பெட்டியோடு வந்து சேர்ந்தது. பல்ட்டு-தா செய்தித்தாளை முழுக்கப் படித்து முடித்திருந்தார்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆறுமுகத்தின் மனைவி கோமதி அம்மாள் சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலில் வங்காளத்துப் புது உருளைக்கிழங்கும் பட்டாணியும். கூடவே இஞ்சிப் பச்சடி. திருநெல்வேலியில்கூட அப்படி ஒரு சொதியை நான் சாப்பிட்டதில்லை. பரிமாறிக்கொண்டே அந்த அம்மாள், "தூரந்தாங்க" என்றார் சாதாரணமாக. "கல்யாணமாகி நான் வந்தப்ப ரெண்டு ராத்திரி ரயிலு. ஒரிசா வரைக்கும் அழுதேன். அதுக்குப் பொறவு தண்ணி தாகமாயிட்டு."

ஆறுமுகம் தட்டிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "அது அந்தக் காலம்" என்றார்.

"ஒரிசா அங்கதான இருக்கு" என்றார் கோமதி அம்மாள்.

மறுநாள் காலையில் ஆறுமுகம் என்னை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஏரிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் தெரியாத அளவுக்கு வாத்துகள். "சைபீரியா பக்கத்துலேருந்தெல்லாம் வருது. ஒரு பறவையாவது தூரம்னு சொல்லுதா?" என்றார். அவற்றுக்குக் கோனா சாலையில் வரவேண்டிய தேவை இல்லையே என்று நினைத்தேன்.

பிறகு பஸ்ஸில் பெரிய பாலத்தைத் தாண்டி, மெட்ரோ பிடித்து, பவானிபூர். கணேசன் அங்கேதான் வாடகைக்கு இருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு பவித்ரா இருக்கப்போகும் வீடும் அதுவே. ஒரே தெருவில் குஜராத்திப் பலகாரக் கடை, பஞ்சாபிகளின் மோட்டார் உதிரிக் கடை, வக்கீல் பலகைகள், கல்லூரிப் பெண்கள். மூன்று மாடி ஏறினோம். பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுப் பால்கனியில் காயும் போர்வையைக் கை நீட்டித் தொடலாம்.

கணேசன் ஒல்லியான பையன். தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைப்பதுபோலப் பேசினான். மண் கோப்பையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "மாமா, அப்பா சொல்றத நம்பாதீங்க. தூரம்தான்" என்றான். "அத்தைக்கு ஒத்துக்கலைன்னா நான் மெட்ராஸுக்கு ட்ரான்ஸ்பர் கேக்கறேன். கிடைக்க டைம் ஆகும். கிடைக்கும்."

ஆறுமுகம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது ஒரு பெட்டி நிறைய சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார். பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கிற புது ஈச்சவெல்லத்தில் செய்தது. வாயில் வைத்ததும் கரைந்தது. அவர் மட்டும் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள். "முடிவா என்ன சொல்ற? பக்கமா, தூரமா?"

"பிளைட் பக்கந்தான்க்கா. ஆனா பிளைட்டுக்குப் போறதுதான்..." என்று இழுத்தேன். "பக்கம்னும் சொல்ல முடியல, தூரம்னும் சொல்ல முடியல."

"ஒன்ன அனுப்பிச்சதுக்கு நானே போயிருக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, லுச்சி என்ற மைதா பூரியும் உருளைக்கிழங்குக் குருமாவும் தட்டில் விழுந்த நேரத்தில் மறுபடி அவள். குரல் கம்மியிருந்தது. "நெஞ்சு வலிக்குதுடா. ஒரு மாதிரி வருது. எல்லாரும் வாங்க."

பவித்ரா ஆபீஸ் வேலையாக பெங்களூர் போயிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "பக்கத்துல யாரையாவது கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கத்தினேன். "நான் பாத்துக்கறேன், நீங்க வாங்க" என்றாள். அதன் பிறகு அவள் கைபேசி அணைந்துவிட்டது.

என் கடைக்கு அடுத்த கடைத் தையல்காரரைப் போனில் பிடித்து அக்கா வீட்டுக்கு ஓடச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வீடு பூட்டியிருக்கு சார்." ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாள். எந்த ஆஸ்பத்திரி? தனியாகவா போனாள்?

ஆறுமுகம் மகனுக்குச் சொன்னார். கணேசன் பவித்ராவுக்குச் சொன்னான். அவள் பெங்களூரில் பஸ் ஏறினாள். அவன் அலிப்பூர் ஆபீஸுக்குள் நுழைந்தவன் அப்படியே திரும்பிவிட்டான். பல்ட்டு-தா கேட்காமலேயே காரை எடுத்து வந்து நிறுத்தினார்.

"லோக்கல் ரயில்ல ஹவுரா போயி மெட்ரோ பிடிங்க" என்றார் கோமதி அம்மாள்.

"இந்த நெலமையில அவர ரயில்ல நிக்க வைக்கச் சொல்லுதியா?" என்றார் ஆறுமுகம். ஆயுள் முழுக்க ரயில்வேயில் உழைத்த மனிதர். என்னைக் காரில் ஏற்றினார், தானும் ஏறினார்.

கோனா சாலையில் ஒரு காலிபிளவர் லாரி கவிழ்ந்திருந்தது.

யாருக்கும் அடியில்லை. டிரைவர் ஓரமாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் சாலை முழுக்க வெள்ளைவெளேரென்று காலிபிளவர். கிரேன் வரவேண்டும். கிரேன் எங்கள் பின்னால், லாரிகளுக்கு நடுவே, எங்களைப் போலவே நின்றிருந்தது. முன்னால் ஒரு போலீஸ்காரர் பொறுக்குகிறவர்களை விரட்டிக்கொண்டே, கொஞ்ச நேரத்தில் தன் பைக் பெட்டியிலும் இரண்டு வைத்துக்கொண்டார். பல்ட்டு-தா இறங்கிப்போய் மார்போடு அணைத்து நாலைந்து பூக்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், பின்சீட்டில் வைத்தால் நசுங்கும்" என்றார் வங்காளியில். ஆறுமுகம் மொழிபெயர்த்தார். என் அக்கா எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நான் தலையில் குரங்குக் குல்லாவோடு மடியில் காலிபிளவரை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

வெயில் உச்சிக்கு ஏறி, சாயவும் தொடங்கியது. கார் நகரவில்லை. கணேசனுக்கு இரண்டு முறை போன் அடித்தேன், கிடைக்கவில்லை.

ஆறுமுகம் திடீரென்று, "சார்" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அஞ்சு மணி நேரம்னு சொன்னேன்லா. காலையில நாலு மணிக்குக் கெளம்பினா வரலாம். பகல்ல வர முடியாது."

"அது இப்ப எதுக்குங்க?"

"தூரம்னு நீங்க சொல்லிட்டா, எம் பையன் மெட்ராஸுக்குப் போயிருவான். அவன் சொன்னதக் கேட்டீயள்லா. பொறவு நானும் இவளும் இங்க. எங்களுக்கு ஒண்ணுன்னா, அவன் இந்த ரோட்டுலதான் வரணும்." குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை முழு வழுக்கை. "உங்க அக்கா பயப்படுதது தப்பில்ல. எனக்கும் அதே பயந்தான்."

ஒரு காலிபிளவரை அவர் மடிக்கு மாற்றினேன்.

கிரேன் எங்களைத் தாண்டிப் போய் லாரியின் மேல் கொக்கி மாட்டிய நேரம் கைபேசி அடித்தது. கணேசன். மூச்சு வாங்கியது. "மாமா, சோலே எஷேச்சி" என்றான். பிறகுதான் தமிழ் ஞாபகம் வந்தது. "வந்துட்டேன்."

"ஏர்போர்ட்டுக்கா?"

"பல்லாவரத்துக்கு."

மெட்ரோவிலேயே விமான நிலையம் வரை போயிருக்கிறான். கிளம்பத் தயாராக இருந்த விமானத்தில் கடைசி ஆளாக ஏறியிருக்கிறான். நாங்கள் சாந்த்ராகாச்சியை இன்னும் தாண்டவில்லை.

"அக்கா எப்படி இருக்கா?"

கைபேசி கைமாறியது. அக்காவே பேசினாள். "டேய், எனக்கு ஒண்ணும் இல்லடா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர்கிட்ட போகல. நெஞ்சு வலியும் இல்ல. எவ்ளோ நேரத்துல வர்றீங்கன்னு பாத்தேன்."

அந்த நேரத்தில் நான் அவளிடம் பேசியதை எழுத முடியாது. தமிழ் தெரியாத பல்ட்டு-தாகூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாய் என்று கேட்டேன். வருகிறவர்களுக்குச் சமைக்க வேண்டாமா, காய் வாங்கப் போனேன் என்றாள்.

நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள். "கதவத் தொறந்தேன். நான் முழுசா நிக்கறதப் பாத்ததும் அந்தப் பையன் படியிலயே ஒக்காந்துட்டான்டா. தண்ணி கேட்டான். குடிச்சிட்டு, 'அத்தை, வலி எப்ப நின்னுது'ன்னு கேட்டான். என்னால பொய் சொல்ல முடியல. சொல்லிட்டேன்."

"திட்டினானா?"

"திட்டல. 'இனிமே இப்படிப் பண்ணாதீங்க அத்தை, எங்கப்பா கார்ல வந்துட்டிருக்காரு, அவருக்கு பிபி இருக்கு'ன்னான். திட்டியிருந்தா தேவலை." மூக்கை உறிஞ்சினாள். "பவித்ரா பெங்களூர்லேருந்து இன்னும் வந்து சேரலடா. பஸ் ராணிப்பேட்டையில நிக்குதாம்."

"இப்ப என்னதான் சொல்ற? பக்கமா, தூரமா?"

"தூரந்தான். ரொம்ப தூரம்" என்றாள். "ஆனா வந்துட்டான்ல."

ஆறுமுகத்திடம் சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னேன். அவர் காரைவிட்டு இறங்கி, சாலையில் கொஞ்ச தூரம் நடந்து போனார். கிரேன் லாரியைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அவங்க நல்லாத்தான இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்கா."

"ட்ரான்ஸ்பர் பத்தி ஏதும் பேச்சு வந்துதா?"

"வரல."

"அப்பம் சரி" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்ட்டு-தாவிடம் வங்காளியில் ஏதோ சொன்னார். காரைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். திருப்ப முடியாது, நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், திரும்ப வேண்டுமென்றால் நெடுஞ்சாலை வரை போய்த்தான் திரும்ப வேண்டும் என்று பல்ட்டு-தா விளக்கினார். ஆகவே, போகவேண்டிய அவசியமே இல்லாத திசையில், வழி கிடைத்தவுடன் நாங்கள் வேகமாகப் போனோம்.

அன்று இரவு காலிபிளவர்ப் பொரியல். கல்யாணத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கல்கத்தாவில்தான் என்றார் ஆறுமுகம். அக்கா தொலைபேசியில் சென்னையில்தான் என்றாள். "நடுவுல விசாகப்பட்டினத்துல வைங்க, ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்" என்றார் கோமதி அம்மாள். யாரும் சிரிக்கவில்லை. யோசித்தார்கள்.

நாலாம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டும். கணேசனும் அன்று காலை முதல் விமானத்தில் கல்கத்தா திரும்பினான். இந்த முறை நாங்கள் விடியுமுன்பே கிளம்பியதால் சாலை காலியாக இருந்தது. ஒருவரை இறக்கிவிடவும் ஒருவரை ஏற்றிக்கொள்ளவும் ஒரே கார் போதும் என்பதில் ஆறுமுகத்துக்கு அளவில்லாத திருப்தி. எனக்கு நேரம் இருந்தது. வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது கணேசன் வெளியே வந்தான். முந்தின நாள் சட்டையோடுதான் இருந்தான். கையில் ஒரு துணிப்பை.

"அத்தை உங்களுக்குக் குடுத்து விட்டாங்க அப்பா" என்றான்.

உள்ளே ஒரு பாத்திரம். ஆறுமுகம் காரின் முன்பக்கத்தில் அதை வைத்துத் திறந்தார். இட்லிகள், மிளகாய்ப்பொடி தடவியவை. விடியற்காலையில் பல்லாவரத்தில் ஊற்றியது. ஒன்றை எடுத்தார். வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, இன்னும் சூடா இருக்கு" என்றார்.

பல்ட்டு-தாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற டாக்ஸி டிரைவர் ஒருவரிடமும் காட்டி, மெட்ராஸ், மெட்ராஸ் என்றார். அந்த மனிதரும் ஒரு இட்லி எடுத்துக்கொண்டார்.

அது ஹாட்பேக். அக்கா வீட்டில் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் சூடு தாங்கும் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். நான் மூடியை எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்துவிட்டு, விடைபெற்றுக்கொண்டு உள்ளே போனேன்.